ரெங்கராஜ் துடைத்துவிட்ட கறுப்பு

டீ வந்து ஆடை படிந்துவிட்டது. ரெங்கராஜ் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேசைமேல் டிஷ்யூ வைத்திருக்கும் எவர்சில்வர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, பையிலிருந்து எடுத்த துணியால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். யாரோ பரோட்டா பிய்த்த கையோடு அதைத் தொட்டிருக்கிறார்கள். அந்த எண்ணெய்ப் பிசுக்கு அவர் கண்ணை உறுத்துகிறது, அவ்வளவுதான். கஃபட்டேரியாக்காரர் மலையாளி. "சேட்டா, மதி, போதும். இனி தேய்ச்சா ஓட்டை வீழும்" என்று கல்லாவிலிருந்தே கத்துகிறார். ரெங்கராஜ் டப்பாவைத் திருப்பி, அதில் தன் மூக்கு தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரிகிறது. அப்புறம்தான் டீ.

குடித்து முடித்ததும் தம்ளரை மேசையின் நடுவுக்கு நகர்த்திவிட்டு, "நல்லாருக்கட்டும்" என்பார். யார் நன்றாக இருக்கவேண்டும் என்று கேட்காதீர்கள். டீ போட்டவர், பால் கறந்த மாடு, இந்தக் கடைக்கு லைசென்ஸ் கொடுத்த அதிகாரி, எல்லாரும்தான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவரைப் பார்த்துச் சொல்வார். லிஃப்டில் யாராவது கதவைப் பிடித்துக்கொண்டால் சொல்வார். ஒருமுறை அவரைத் தள்ளிவிட்டு வரிசையில் முன்னால் போன ஒருவனுக்கும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, ரூமுக்கு வந்தபிறகு "ச்சே, அவனுக்குப் போயி சொல்லிட்டனே" என்று நெடுநேரம் வருத்தப்பட்டார்.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் செய்கு முகம்மது நடத்தும் கடையில்தான் அவருக்கு வேலை. முன்பக்கம் ஏ.சி. போட்ட ஷோரூம். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்குக் கப்பு, கம்பெனிகளில் ரிட்டயர் ஆகிறவர்களுக்கு ஷீல்டு, சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ், கழுத்தில் மாட்டிக்கொள்ள மெடல் என்று வளைகுடாவில் மனிதனுக்கு மரியாதை செய்யத் தேவையான சகலமும் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும். பின்பக்கம் பட்டறை. அங்கே சத்தத்துக்கும் தூசிக்கும் நடுவில் பஃப்பிங் மிஷின் முன்னால் நிற்பவர்தான் நம்மவர். அச்சில் அடித்து மங்கலாக வருகிற ஒவ்வொரு மெடலும் சுழல்கிற துணிச் சக்கரத்தில் அவர் கையால் முகம் கழுவிக்கொண்டுதான் வெளியே போகவேண்டும். சாயங்காலம் பார்த்தால் மெடலெல்லாம் பளபளவென்று இருக்கும், ரெங்கராஜ் மட்டும் அட்டைக்கறுப்பாக இருப்பார். கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். "ஆந்தை வந்துருச்சு" என்று ரூமில் கேலி செய்வார்கள். அவரும் இரண்டு தரம் கூவிக் காட்டிவிட்டுக் குளிக்கப் போவார்.

பரமக்குடிக்குப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். லீவில் ஊருக்குப் போனால் அவர் மனைவி நாகவள்ளிக்கு ஒரே கொண்டாட்டம். புருஷன் வருகிறார் என்பதற்காக இல்லை. பித்தளைச் சாமான் அத்தனையையும் அவர் வருகிறவரை தொடாமல் போட்டு வைத்திருப்பாள். இவர் பெட்டியைக்கூடத் திறக்காமல் குத்துவிளக்கை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அக்கம்பக்கத்தில் செய்தி பரவும். எதிர்வீட்டு அண்டா வரும், கோடி வீட்டுச் சொம்பு வரும். "துபாய்ல சம்பாதிக்கிறாருன்னு பேரு, இங்க வந்து ஊரு பாத்திரம் தேய்க்கிறாரு" என்று நாகவள்ளி தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொண்டே, தன் பாத்திரம் முதலில் முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்வாள்.

மங்கிய உலோகத்தைக் கண்டால் அவருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். அழுக்குத் துணியோடு நிற்கும் குழந்தையைக் கண்டால் நமக்கெல்லாம் ஆகுமே, அந்த மாதிரி. இந்தக் குணம் அவருக்கு எத்தனையோ நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. போன ஜனவரியில் அதுவே அவரை மாட்டியும் வைத்தது.

இல்டிகோ மேடம் துபாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். ஹங்கேரி நாட்டுக்காரர். நீச்சல் போட்டிக்கு வருஷா வருஷம் மெடல் செய்து வாங்க வருகிறவர் என்பதால் கடையில் எல்லாருக்கும் பழக்கம். அந்த முறை மெடலுக்கு வரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியையும், நூலால் கட்டிய சில மெல்லிய பழைய புத்தகங்களையும் எடுத்து முதலாளி முன்னால் வைத்தார்.

பெட்டிக்குள் ஒரு பேட்ஜ். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். கன்னங்கரேலென்று இருந்தது. அவருடைய தாத்தாவினுடையது. தாத்தா இரண்டாம் உலக யுத்தத்தில் ரஷ்யாவில் ஏதோ ஓர் ஆற்றங்கரையில், பனியில், ஒரு ஜனவரி மாதத்தில் தோற்றோடிய படையில் இருந்தவராம். கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பனியிலேயே போய்விட்டார்கள். தப்பித்த கொஞ்சம் பேர் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் ஆஸ்திரியாவில் ஒதுங்கி, அங்கே ஒரு சங்கம் வைத்து, செத்துப்போனவர்கள் நினைவாக இந்த பேட்ஜை அடித்துக்கொண்டார்களாம். அந்தப் புத்தகங்கள் சங்கத்தின் பத்திரிகை. சங்கத்தில் இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை. மேடத்தின் அப்பா மகளைப் பார்க்க துபாய் வந்திருக்கிறார். அந்த ஜனவரி நாள் நெருங்குகிறது. அன்றைக்கு இங்கிருக்கும் ஹங்கேரிக் குடும்பங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பேட்ஜ் இதே மாதிரி செய்து கொடுத்து அப்பாவை அசத்தவேண்டும். இதுதான் மேடத்தின் திட்டம். அப்பாவுக்குத் தெரியாமல் அவர் பெட்டியிலிருந்து எடுத்து வந்துவிட்டார்.

"நோ ப்ராப்ளம் மேடம்" என்றார் செய்கு முகம்மது. அவர் கீழக்கரைக்காரர், பிறவி வியாபாரி. கடையே தீப்பிடித்து எரிந்தாலும், வாடிக்கையாளர் முன்னால் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அதுவாகத்தான் இருக்கும்.

மாதிரிக்கு வருகிற பழைய சாமானை முதலில் சுத்தம் செய்வதுதான் பட்டறை வழக்கம். அழுக்குப் போனால்தானே கோடு தெரியும், கோடு தெரிந்தால்தானே அச்சு வெட்டலாம். ஆக, பெட்டியும் புத்தகமும் நேராக ரெங்கராஜ் மேசைக்கு வந்து சேர்ந்தன.

சாப்பாட்டு வேளையில் அவர் புத்தகங்களைப் புரட்டினார். ஓர் எழுத்து புரியவில்லை. ஆனால் படம் புரிந்தது. இந்த ஊரில் நம்மவர்கள் நடத்தும் சங்கங்களின் ஆண்டுவிழா மலர் எத்தனை பார்த்திருப்பார்! "எல்லா நாட்டு சங்கமும் ஒண்ணுதான்யா. முன்னாடி நாற்காலி, பின்னாடி தொப்பை" என்று பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் காட்டிச் சிரித்தார். வரிசையாக நிற்கும் கோட்டுப்போட்ட ஆண்கள், ஒரு மலர்வளையம், ஒரு நீளமான சாப்பாட்டு மேசை. அடுத்த இதழிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. புரட்டப் புரட்ட அவர் சிரிப்பு குறைந்தது. நிற்கும் வரிசை மெலிந்துகொண்டே வந்தது. கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்ட சின்னச் சின்ன முகங்கள் கூடிக்கொண்டே போயின. கடைசி இதழில் நாற்காலியில் இரண்டு பேர்தான். பின்வரிசையே இல்லை.

சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டார். வீடு வாசலுக்குத் திரும்ப முடியாமல் அந்நிய ஊரில் கூடிக் கூடிச் சாப்பிட்டு, ஒவ்வொருவராகக் குறைந்துபோவது என்றால் என்ன என்று ரெங்கராஜுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அவர் ரூமிலேயே காலியான கட்டில்கள் உண்டு.

ஒரு புத்தகத்தின் அட்டையில் அந்த பேட்ஜின் படம் இருந்தது. பளிச்சென்று, கறுப்பு வெள்ளையில். இரண்டு இலைகள், நடுவில் வளைந்து போகும் ஓர் ஆறு. பெட்டியில் இருந்ததைப் பார்த்தார். ஆறும் இல்லை, இலையும் இல்லை, ஒரே கரி.

"இம்புட்டுப் பேரு ஞாபகமா செஞ்சது. இதைப் போயி இப்புடி அடுப்புக்கரி மாதிரி விட்டு வச்சிருக்காங்களே, பாவம், தேய்க்கத் தெரியல போல" என்றார். செத்தவர்கள் நினைவாக வைத்திருப்பதைத் துலக்கி வைக்காமல் இருப்பது அவர் ஊரில் குடும்பத்துக்கே அவமானம். படத்துக்குப் பூ வாங்கக் காசில்லாத வீட்டில்கூட விளக்கு மின்னும். கோடு தெரிகிற அளவுக்குத் துடைத்தால் அவர் வேலை முடிந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. மிஷினில் கொடுத்தால் ஓரம் தேய்ந்துவிடும் என்று கையாலேயே செய்தார். மெத்தென்ற துணி, மெல்லிய பசை, இலை நரம்புக்குள் போக மூங்கில் குச்சி. வேறு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்தார். கறுப்பு கரைந்து வெண்கலம் எழுந்து வந்தது. பொன் மாதிரி இருந்தது. ஆறு ஓடியது. யாரும் கேட்காத வேலையை இவ்வளவு சந்தோஷமாக அவர் செய்து பார்த்ததில்லை என்று பட்டறையில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

"நல்லாருக்கட்டும், எல்லாரும்" என்று பெட்டியில் வைத்து மூடினார்.

அச்சு வெட்டி, புது பேட்ஜ்களும் அடித்து முடித்த சமயத்தில் முதலாளிக்குப் போன் வந்தது. இல்டிகோ மேடம். மனசு கேட்காமல் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். அப்பா சந்தோஷப்பட்டாராம். ஆனால் உடனே பதறிப்போய் ஒன்று கேட்டாராம்: அதை யாரும் துடைக்கவில்லையே? அந்தக் கறுப்பில்தான் எல்லாம் இருக்கிறது, தயவுசெய்து துடைக்கவேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல் என்றாராம்.

"நோ ப்ராப்ளம் மேடம்" என்று சொல்லிப் போனை வைத்த செய்கு முகம்மது, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா! ரெங்கு, ஒன் கைய கட்டித்தான் போடணும்ப்பா. கோடு தெரியிற மட்டும் தொடச்சுட்டு நிறுத்த மாட்டியா? கல்யாணப் பொண்ணு மாதிரில்ல ஆக்கி வச்சிருக்கே!"

ரெங்கராஜுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துப்போனது. "தெரியாமப் போச்சு பாய்... நல்லதுன்னு நெனச்சுத்தான் பாய்..." என்றார்.

வியாபாரி சீக்கிரம் எழுந்து நிற்பார். செய்கு முகம்மதும் எழுந்தார். பழைய சாமான் மாதிரி தெரியவேண்டிய ஷீல்டுகளைக் கறுக்க வைக்கப் பட்டறையில் ஒரு மருந்து உண்டு. "அதுல முக்கி எடு. பழைய கறுப்பு வந்துரும். முடிஞ்சுது கதை, கலாஸ்" என்றார்.

முதலில் ரெங்கராஜும் சம்மதித்தார், அதை மறைக்கவேண்டியதில்லை. புது பேட்ஜ் ஒன்றை எடுத்து மருந்தில் முக்கி, துணியால் ஒற்றி, மறுபடி முக்கி, மேட்டில் கொஞ்சம் தேய்த்து, பள்ளத்தில் விட்டுவைத்து, வெள்ளிக்கிழமை முழுக்க அதோடு போராடினார். கடைசியில் முதலாளி கையில் கொடுத்தார். செய்கு முகம்மது அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியில் வந்த அதே கறுப்பு. அதே பழசு. ஒரு கிழவனார் சட்டையில் ஆயுசு முழுக்கக் கிடந்தது போலவே இருந்தது.

"மாஷா அல்லா! பெத்த தகப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாதுப்பா. இதே மாதிரி அசலையும் பண்ணிரு."

ரெங்கராஜ் தலையை ஆட்டவில்லை. பேட்ஜைத் திரும்ப வாங்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்டுபுடிக்க முடியாதுங்கிறதுதான் பாய் பயமா இருக்கு. அந்த மனுசன் இதைச் சாகுற வரைக்கும் தன் அப்பனோட கறுப்புன்னு நம்பிக்கிட்டு இருப்பாரு. பொய்யி இம்புட்டு நல்லா வந்துட்டா அப்பறம் அதை யாரு பாய் திருத்துறது? என்னைய கூட்டிட்டுப் போங்க. நானே சொல்லிடுறேன்."

"சொல்லி? ஸ்கூல் ஆர்டர் போச்சு, கடை பேரு போச்சு. அந்தம்மா கோர்ட்டுக்குப் போனா நீயா வருவே?"

"நான்தான் பாய் வருவேன். வேற யாரு வருவா?"

செய்கு முகம்மது கத்தினார். இந்தியிலும் கொஞ்சம் கத்தினார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் போதாது. ரெங்கராஜ் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ராத்திரி ஊருக்குப் போன் போட்டபோது நாகவள்ளியிடம் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வேலைய விட்டு அனுப்பிச்சுட்டா வந்துருங்க. தேய்க்க நெறைய கெடக்கு" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்குக் கோயில் கட்டலாம் என்று இப்போதும் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெங்கராஜ் தங்கியிருந்த லேபர் கேம்ப் வாசலில் ஹாரன் கேட்டது. செய்கு முகம்மது, இஸ்திரி போட்ட சட்டையில், வண்டியில். பின்சீட்டில் ஒரு டப்பா தொதல் அல்வா. "கீழக்கரையிலேருந்து நேத்துத்தான் வந்துச்சு. வெறுங்கையோட எப்படிப் போறது" என்றார், முறைத்துக்கொண்டே. துபாய் போகிற வழியெல்லாம் திட்டு. சிக்னலுக்குச் சிக்னல் திட்டு. ரெங்கராஜ் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, திட்டுகிற மனிதரைப் பார்த்துக்கொண்டே வந்தார். தனியாக அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லையே. அவர் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, "அழுது கிழுது வைக்காதே, அங்க போயி அழு" என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

மேடத்தின் வீட்டு பால்கனியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மிக்லோஷ் என்று பெயர். எண்பதை நெருங்கும் வயது. ஜனவரிக் குளிருக்கு ரெங்கராஜ் மங்கி கேப்போடு போயிருந்தார். பெரியவரோ அரை டவுசரும் பனியனுமாக, வெயில் காய்ந்துகொண்டு பரம சுகமாக இருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்று கை கொடுத்தார்.

செய்கு முகம்மது தொண்டையைச் செருமினார். "மேடம், ஸ்மால் ப்ராப்ளம்..."

ரெங்கராஜ் முந்திக்கொண்டார். பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, "சார், ஐ பாலிஷ். பிளாக் காலி. மை மிஸ்டேக் சார். பாய் நோ மிஸ்டேக். ஒன்லி மை மிஸ்டேக்" என்றார். வண்டியில் வரும்போது வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அதோடு தீர்ந்துபோனது.

பெரியவர் மூடியைத் திறந்தார். வெயில் பட்டு பேட்ஜ் அவர் முகத்தில் பளீரென்று அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தார். மேடம்தான் வெடித்தார். போனில் சொன்னேனே, நோ ப்ராப்ளம் என்றீர்களே என்று செய்கு முகம்மதைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வியாபாரி 'நோ ப்ராப்ளம்' சொல்லாமல், தொதல் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

பெரியவர் கண்ணாடி கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். பேட்ஜைத் திருப்பினார். தன் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னார். மகள் அதை இங்கிலீஷில் சொல்ல, செய்கு முகம்மது தமிழில் ரெங்கராஜின் காதில் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரலும் இறங்கியது.

"அந்த சங்கத்துல ஒரு வழக்கமாம்ப்பா. ஒருத்தருக்குப் புதுசா பேட்ஜ் குடுத்தா, அன்னைக்கு அங்க இருக்கிற சேக்காளிங்க எல்லாரும் அதுமேல கட்டைவிரல வச்சு அழுத்துவாங்களாம். அப்பறம் அதைத் தொடைக்கவே மாட்டாங்களாம். அந்த விரல் பட்ட எடத்துலேருந்துதான் கறுக்க ஆரம்பிக்குமாம். அந்தக் கறுப்புதான் இவுக வாப்பாவோட கூட்டாளிங்களாம். அதான்... அதான்பா போயிருச்சு."

ரெங்கராஜ் கீழே உட்கார்ந்துவிட்டார். புத்தகத்தில் பார்த்த கோட்டுப்போட்ட மனிதர்கள், வரிசையில் ஒவ்வொருவராகக் குறைந்தவர்கள், கடைசியாக மிச்சமிருந்த அவர்களுடைய விரல்களைத் தன் கையால், மூங்கில் குச்சி வைத்து, சந்து பொந்து விடாமல் துடைத்து எடுத்திருக்கிறார். வேலையில் சுத்தம் என்று வாங்கிய பேரெல்லாம் அந்த நிமிஷத்தில் அவருக்குக் கசந்தது. "என்னைய மன்னிக்கச் சொல்லிக் கேக்க மாட்டேன் பாய். கேக்கற தப்பு இல்ல இது" என்றார்.

பெரியவர் பேட்ஜிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்று கேட்டார். இதை மறுபடி கறுப்பாக்க உங்களால் முடியாதா?

செய்கு முகம்மது அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். ஆனாலும் சொன்னார்.

"முடியும் சார். ஒங்களுக்கே தெரியாத மாதிரி முடியும். செஞ்சு பாத்தோம்" என்றார் ரெங்கராஜ். "ஆனா அது நான் போட்ட கறுப்பு. அவுங்க கறுப்பு இல்ல."

இந்தப் பதில் இரண்டு பாஷை தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் பேட்ஜை விட்டு நிமிர்ந்து ரெங்கராஜைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மகளிடம் ஏதோ சொன்னார். மேடம் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கோபம் தீரவில்லை, நாற்காலியைத் தொப்பென்றுதான் போட்டார். ஆனால் போட்டார்.

பிறகு பெரியவர் பேசினார். அப்பா இந்த பேட்ஜை அவருக்குக் காட்டியபோதே இது கறுத்துத்தான் இருந்ததாம். சங்கக் கூட்டத்துக்குச் சின்னப்பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்களாம். இதில் ஆறு இருக்கிறது என்று அப்பா சொல்வாராம். இவருக்கு ஒரு நாளும் ஆறு தெரிந்ததில்லையாம். அப்பா சும்மா சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வாராம். "இப்பத்தான் பாக்குறேங்கிறாரு" என்றார் செய்கு முகம்மது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவுக வாப்பா மொத நாளு கையில வாங்கினப்போ எப்புடிப் பாத்தாரோ, அதையே இப்ப இவரும் பாக்குறாராம். போனது போனதுதான், அது வலிக்கத்தான் செய்யுமாம். ஆனா மறைக்காம வந்து சொன்னியே, அதுக்கு ஒனக்கு நன்றி சொல்றாருப்பா. என்னையவும் சேத்துத்தான் சொல்றாரு, நான் என்னத்தச் செஞ்சேன்!"

பெரியவர் பேட்ஜை மேசைமேல் ஒரு கைக்குட்டையில் வைத்தார். தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினார். வெண்கலத்தில் மங்கலாக ஒரு தடம் விழுந்தது. மகளைப் பார்த்தார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் விரலை வைத்தார். அடுத்துப் பெரியவர் கைக்குட்டையை செய்கு முகம்மது பக்கம் நகர்த்தினார்.

"நானுமா?" என்று அவர் பின்வாங்கினார்.

அன்றைக்கு அங்கே யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் வைக்கவேண்டும், அதுதான் வழக்கம், இன்றைக்கு இங்கே இருப்பது நாம்தானே என்றார் பெரியவர். செய்கு முகம்மது "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்துக்கொண்டு, விரலை வைத்து அழுத்தினார். தொதல் எண்ணெய் ஒட்டிய கை. தடம் நன்றாகவே விழுந்தது.

கைக்குட்டை ரெங்கராஜ் முன்னால் வந்தது. பாலிஷ் போட்ட பொருளில் வெறும் விரல் படக்கூடாது, வேர்வை பட்ட இடம் கறுத்துவிடும் என்பது அவர் தொழிலில் முதல் விதி. ஆனால் அவர் தயங்கியது அதற்காக இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலாளியிடம் மெல்லச் சொன்னார்.

"பாய், எனக்குத்தான் ரேகையே இல்லீங்களே. இத்தனை வருசமா சக்கரம் தின்னுருச்சு. ஏர்போர்ட்டுல மிஷினே என் வெரல எடுக்காது. நான் வச்சா ஒண்ணும் விழுகாது, அவுகளுக்குச் சொல்லுங்க."

செய்கு முகம்மது சொன்னார். மகள் அப்பாவிடம் சொன்னார். பெரியவர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். கைக்குட்டையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. காத்திருந்தார்.

ரெங்கராஜ் மங்கி கேப்பைக் கழற்றி மடியில் வைத்தார். அந்தக் குளிரிலும் அவருக்கு நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. கட்டைவிரலை நெற்றியில் ஒருமுறை அழுத்தித் தேய்த்து ஈரமாக்கிக்கொண்டு, குனிந்து, பேட்ஜின் மேல் வைத்து அழுத்தினார்.